சேர்வராயன் மலைக்குப் பட்டியலில் இடமில்லையா?

டிசம்பர் பிறந்ததும் அடுத்த ஆண்டுக்கான மலையேற்றப் பட்டியல்கள் தயாராகத் தொடங்குகின்றன. யார் எழுதினாலும் பெயர்கள் பெரிதாக மாறுவதில்லை. உத்தராகண்டின் கேதார்காந்தா, கர்நாடகத்தின் குத்ரேமுக், குமார பர்வதம், கேரளத்தின் மீசப்புலிமலை, அகஸ்தியர்கூடம், தமிழ்நாட்டுப் பங்குக்கு வெள்ளியங்கிரியும் கொழுக்குமலையும். சேலத்தில் உட்கார்ந்து எழுதப்படும் பட்டியலிலும் இவைதான் இருக்கும். ஊரின் எந்த மொட்டை மாடியில் ஏறினாலும் வடக்கே தெரியும் சேர்வராயன் மலை மட்டும் அதில் இருக்காது.

இதற்குச் சொல்லப்படும் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. ஏற்காடு ‘ஏழைகளின் ஊட்டி’. காரில் போய், ஏரியில் படகு விட்டு, லேடீஸ் சீட்டில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு சாயங்காலம் இறங்கிவிடலாம். நடப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது? இந்தக் கேள்விக்குள் நான்கு வாதங்கள் சேர்ந்து கிடக்கின்றன. மலைக்கு உயரம் போதாது. எங்கு பார்த்தாலும் தார் ரோடு. ரோடு இல்லாத இடம் எஸ்டேட்காரர்களுக்கோ வனத்துறைக்கோ சொந்தம். பக்கத்திலேயே இருப்பதால் எப்போது வேண்டுமானாலும் போய்க்கொள்ளலாம், பட்டியல் எதற்கு? இவற்றில் முதலாவது தவறு. நடுவில் உள்ள இரண்டும் பாதி உண்மை. நான்காவது கேட்க நியாயமாகத் தோன்றினாலும் மற்ற மூன்றையும்விட அதிகக் கேடு செய்வது அதுதான்.

உயரத்திலிருந்து தொடங்கலாம். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஊர் சுமார் 1,500 மீட்டர். ஊருக்கு மேலே, சேர்வராயன் கோயில் அமைந்த மேட்டுநிலம் 1,600 மீட்டரைத் தாண்டுகிறது. அடிவாரத்திலிருந்து கோயில் வரை கால்நடையாகப் போகிறவர் 1,200 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். கேதார்காந்தாவின் உச்சி 3,810 மீட்டர் என்று விளம்பரம் சொல்கிறது. நடை தொடங்கும் சாங்க்ரி கிராமமே 1,950 மீட்டர் அளவில் இருப்பதை அதே அளவு எழுத்தில் சொல்வதில்லை. இடைப்பட்ட 1,860 மீட்டரையும் ஒரே மூச்சில் ஏறுவதில்லை, முகாம் போட்டுத் தங்கித் தங்கி ஏறுகிறார்கள். முழங்கால் கடல் மட்டத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. தொடங்கிய இடத்துக்கும் முடித்த இடத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அதற்குத் தெரியும்.

மூவாயிரம் மீட்டருக்கு மேல் காற்றில் பிராணவாயு குறைவதும் பனியில் நடப்பதும் வேறு அனுபவம் என்பதில் சந்தேகமில்லை. அது வேண்டுமென்றால் இமயத்துக்குத்தான் போக வேண்டும். ஆனால் உயரம் போதாது என்று ஏற்காட்டைத் தள்ளுகிற பட்டியலில் குமார பர்வதம் இருக்கிறது. அதன் உச்சி 1,712 மீட்டர். சேர்வராயன் மேட்டுக்கும் அதற்கும் நூறு மீட்டர் அளவே வித்தியாசம். அகஸ்தியர்கூடம் 1,868, குத்ரேமுக் 1,894. இவை எல்லாம் மலைகளாக எண்ணப்படும்போது இது மட்டும் பிக்னிக் ஸ்பாட்டாகிவிடுவதற்கு உயரம் காரணமாக இருக்க முடியாது. உண்மையான காரணம் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறுகிற வேலையை முழுக்க வண்டி செய்துவிடுகிறது. மேலே இறங்கி நிற்கிறவருக்குச் சமதளமாகத் தெரிகிற ஏரிக்கரையைப் பார்த்து, இந்த மலையில் ஏற்றமே இல்லை என்ற முடிவு எடுக்கப்படுகிறது. குமார பர்வதத்தின் உச்சிக்குத் தார் ரோடும் டவுன் பஸ்ஸும் இருந்திருந்தால் அதுவும் இந்நேரம் யாரோ ஒருவரின் ஏழை ஊட்டியாகியிருக்கும்.

எங்கும் ரோடு என்ற இரண்டாவது வாதத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இந்த மலையைச் சுற்றுலாவுக்கு அறிமுகப்படுத்திய ஆங்கிலேயர்கள் அதை உட்கார்ந்து பார்க்கும் இடமாக வகுத்துவிட்டார்கள். லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட் என்று பாறைகளுக்கு வைத்த பெயர்களே நாற்காலிகள். இன்றைய சுற்றுலாக் கையேடுகளும் அதே நாற்காலிகளைத்தான் வரிசைப்படுத்துகின்றன. அந்த வரிசைக்கு வெளியே மலை இல்லை என்று நம்புகிறவர், வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பார்ப்பது நல்லது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டான சேர்வராயன் மலை ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. வாணியாற்றின் பள்ளத்தாக்கு அதை நடுவில் பிளந்துகொண்டு வடக்கே பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் இறங்குகிறது. அந்தத் தண்ணீர் கடைசியில் தென்பெண்ணைக்குப் போகிறது. மஞ்சவாடிப் பக்கம் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகருக்குள் புகுந்து காவிரிக்குப் போகிறது. மேற்குச் சரிவின் தண்ணீரைச் சரபங்கா நதி வாங்கிக்கொண்டு, அதுவும் காவிரிக்கே போகிறது. ஒரே மேட்டில் விழும் மழை இரண்டு பெரிய ஆற்றுப் படுகைகளுக்குப் பிரிகிறது. அந்தப் பிரிவு எங்கே நடக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்க்க முடியாது.

மலையின் சொந்தக்காரர்கள் அதை நாற்காலியாகப் பார்த்ததே இல்லை. மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்து மலையாளிகளோடு இவர்களுக்குத் தொடர்பில்லை; காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்களுடைய மரபுக்கதை) இந்த மலையைச் சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என்று மூன்று நாடுகளாகப் பிரித்து வாழ்ந்தார்கள். சாமையும் கேழ்வரகும் விளைந்த காடுகளுக்கு இடையிலும், கிராமத்துக்குக் கிராமமும், மலையிலிருந்து சமவெளிச் சந்தைக்கும் ஒற்றையடிப் பாதைகள் போட்டவர்கள் அவர்கள்தான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்து நட்டபோது மோட்டார் ரோடு கிடையாது. ஏறியவர்கள் நடந்து ஏறினார்கள். துரைமார் ஆள் தோளில் ஏறினார்கள். இந்த மலையில் நடை பழையது, தார்தான் புதியது.

நடந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதற்கு ஒரு பெயர் போதும். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் 1858இல் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபுட், 1863இல் சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்து, இந்தியத் துணைக்கண்டத்தின் மனித வரலாற்றைப் பல்லாயிரம் ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளியவர். தென்னிந்தியாவைக் காலால் அளந்த மனிதர். ஓய்வுக்காலத்தில் அவர் வந்து தங்கியது ஏற்காட்டில். அங்கும் சும்மா இருக்கவில்லை. சேர்வராயன் மலையிலிருந்து மெருகேற்றிய புதிய கற்காலக் கோடரிகளைச் சேகரித்தார். அவருடைய பெருஞ்சேகரிப்பு சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1912இல் இறந்த அவருக்கு ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் நினைவிடம் உண்டு. கொழுக்குமலையில் சூரிய உதயம் பார்ப்பதற்காக இரவு முழுக்கப் பயணம் செய்யத் தயாராக இருக்கும் சேலத்து நடையர்களில் எத்தனை பேர் அந்தத் தேவாலய வளாகத்துக்குள் கால் வைத்திருப்பார்கள்?

அந்த மலையின் பாறையே ஒரு பாடம். சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோக்கைட் என்னும் கருநிறப் பழம்பாறையால் ஆனது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்திருந்த கல்லைப் பார்த்து, 1893இல் டி.எச். ஹாலண்ட் என்ற நிலவியலாளர் இந்தப் பாறைக்கு அந்தப் பெயரை வைத்தார். பாறையின் மேல்முகடு காலப்போக்கில் மட்கிச் செம்மண்ணாகவும் பாக்சைட்டாகவும் மாறியிருக்கிறது. மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலைக்காக அந்த பாக்சைட்டைத் தோண்டினார்கள். மலையடிவாரத்திலோ, சேலத்துக்கு வெளியே வெள்ளை வெளேரென்று மேக்னசைட் சுரங்கங்கள். ஒரு காலை நடையில் வெள்ளைக் கல், கருங்கல், செங்கல் நிற மண் மூன்றையும் கடந்து மேலேறலாம்.

உயிரினங்களுக்கும் பஞ்சமில்லை. வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்ற மரத்துக்கு இந்த மலையின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஏற்காட்டின் பெயரைத் தாங்கிய சிறு பல்லி ஒன்று உண்டு. நெமாஸ்பிஸ் ஏற்காடென்சிஸ் என்று அதை 2000ஆம் ஆண்டில் இந்திரனீல் தாஸும் ஆரன் பாயரும் விவரித்தார்கள். பாறை இடுக்கில் பகலில் திரியும் மண்நிறப் பல்லி அது, குனிந்து தேடாதவர் கண்ணுக்குப் படாது. இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறை ஏற்காட்டில் ஆர்க்கிட் தோட்டம் வைத்திருப்பதும் காரணமில்லாமல் அல்ல. ‘அங்கே ஒன்றுமில்லை’ என்பவர் பெரும்பாலும் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் பார்த்தவர்.

எதிர்த்தரப்புக்குக் கொடுக்க வேண்டிய நியாயத்தையும் கொடுத்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் பகோடா பாயிண்டில் நிற்பது ஒரு தண்டனை. கார் ஹாரன், மிளகாய் பஜ்ஜிப் புகை, பாறை இடுக்கில் தண்ணீர் பாட்டில். ரிசார்ட் பெருகி எஸ்டேட்டுகள் மனைகளாகி வருவதும் உண்மை. ‘ஏற்காடு’ என்று பட்டியலில் ஒற்றைச் சொல்லாக எழுதி, கோடை விடுமுறைச் சனிக்கிழமை கிளம்பிப் போகிறவருக்கு இதுதான் கிடைக்கும். அவர் ஏமாந்து திரும்பி, அங்கே ஒன்றுமில்லை என்று நான்கு பேரிடம் சொல்வார். தவறு மலையுடையதா, எழுதிய விதத்தினுடையதா? கேதார்காந்தாவுக்குப் போக நினைப்பவர் ‘இமயமலை’ என்று மட்டும் எழுதுவதில்லை. எந்த கிராமத்தில் தொடங்குவது, எந்த மாதம், எத்தனை நாள் என்று எழுதுகிறார். அதே கவனத்தில் கால்பங்குகூட வீட்டு வாசல் மலைக்குக் கிடைப்பதில்லை.

இங்கேதான் மலையேற்றப் பட்டியல் என்ற வழக்கத்தின் அடிப்படைக் குறை வெளிப்படுகிறது. அது பெயர்களின் பட்டியலாக இருக்கிறது. மலைக்குப் போவதில் பெயரைவிடப் பெரிய விஷயம் மாதம். தமிழ்நாட்டில் மலையேறிய பழைய கூட்டத்துக்கு இது நன்றாகத் தெரியும். வெள்ளியங்கிரி என்றால் மாசி முதல் வைகாசி வரை, சபரிமலை என்றால் கார்த்திகை மண்டலம், சதுரகிரி என்றால் அமாவாசையும் பௌர்ணமியும் என்று, மலையைச் சொல்லும்போதே காலத்தையும் சேர்த்துச் சொன்னார்கள். பஞ்சாங்கத்தைப் போல அவர்கள் பட்டியல் நாளில் தொடங்கியது. இன்றைய பக்கெட் லிஸ்ட் புகைப்படத்தில் தொடங்குகிறது.

நாளைப் பார்க்காததன் விலை சிறியதாகவே இருக்கும் என்று நம்புவதற்கில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த நடைக் குழுக்களைக் காட்டுத் தீ சூழ்ந்தது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்தும் வந்திருந்தவர்கள். இறந்தவர்கள் இருபதுக்கும் மேல். மார்ச் மாதத்தில் அந்தப் புல்வெளி காய்ந்த சருகாக நிற்கும் என்பது மலைவாசிகள் அறிந்த செய்தி. அதன் பிறகுதான் தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 வழிகளை இணையப் பதிவின் பேரில், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு திறந்துவிட்டது. தீப்பருவத்தில் அந்த வழிகள் மூடப்படுகின்றன. 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை. ஆண்டுப் பட்டியல் போடுகிறவர் முதலில் குறித்துக்கொள்ள வேண்டியது இந்த இரண்டு மாத வெற்றிடத்தைத்தான்.

எஸ்டேட்டும் வனத்துறையும் விடுவதில்லை என்ற மூன்றாவது வாதத்துக்கும் பதில் இதே திட்டத்தில் இருக்கிறது. சேலம் மாவட்டத்துக்கு ஒதுக்கிய வழிகளில் கொண்டப்பநாயக்கன்பட்டி – குண்டூர் வழி சேலம் நகரின் விளிம்பிலிருந்து நேராகச் சேர்வராயன் மலைமேல் ஏறுகிறது. டவுன் பஸ்ஸில் போய் இறங்கி நடையைத் தொடங்கக்கூடிய மலைவழி தமிழ்நாட்டில் எத்தனை இருக்கும்? அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் புகுவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். இது குத்ரேமுக்குக்கும் அகஸ்தியர்கூடத்துக்கும் உள்ள கட்டுப்பாட்டைவிடக் கூடுதலானதல்ல. அகஸ்தியர்கூடத்துக்கு ஆண்டில் சில வாரங்களே அனுமதி. பதிவு திறந்ததும் இடம் தீர்ந்துவிடும். குமார பர்வதத்தில் 2024 ஜனவரியில் கூட்டம் கட்டுக்கடங்காமல் போன பிறகு கர்நாடக வனத்துறையும் முன்பதிவைக் கட்டாயமாக்கியது. அங்கெல்லாம் இரவு முழுக்கக் கணினி முன் விழித்திருந்து அனுமதிச்சீட்டு வாங்குகிறவர், ஏற்காட்டில் அனுமதி கேட்க வேண்டியிருப்பதை ஒரு குறையாகச் சொல்வது வேடிக்கை. எஸ்டேட் நிலம் தனியாருக்குச் சொந்தம்தான். கேட் மூடியிருந்தால் திரும்பிவிட வேண்டும். கேட்டால் அனுமதிக்கிறவர்களும் உண்டு. ஆனால் மலைக்கிராமங்களை இணைக்கும் பஞ்சாயத்து ரோடுகளும் பழைய நடைபாதைகளும் யாருடைய எஸ்டேட்டும் அல்ல. நாகலூர், வெள்ளக்கடை, செம்மநத்தம், மஞ்சக்குட்டை, மாரமங்கலம், கொட்டச்சேடு என்று நீளும் ஊர்களுக்கு ஏற்காட்டிலிருந்து பஸ் போகிறது. ஒரு ஊரில் இறங்கி அடுத்த ஊரில் ஏறுவதற்கு யாரிடமும் சீட்டு வாங்க வேண்டியதில்லை. பஸ் நேரத்தை மட்டும் போகும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கடைசி பஸ்ஸை விட்டவருக்கு மலையில் அடுத்தது காலையில்தான்.

நான்காவது வாதம் மிச்சமிருக்கிறது: பக்கத்தில்தானே, எப்போது வேண்டுமானாலும் போகலாம். இந்த ‘எப்போது வேண்டுமானாலும்’ பெரும்பாலும் வெளியூர் உறவினர் வந்து இறங்கும் நாளாகத்தான் முடிகிறது. அன்றைக்கு நடை கிடையாது, படகுத்துறைதான். மலையும் எப்போதும் ஒரே மலையாக இருப்பதில்லை. இங்கே ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டர் அளவுக்கு மழை. தென்மேற்குப் பருவமும் கொடுக்கிறது, வடகிழக்குப் பருவமும் கொடுக்கிறது. மாதத்துக்கு மாதம் நிறமும் மணமும் மாறும் மலைக்கு ஆண்டில் ஒருமுறை என்பதே குறைவு.

ஜனவரியில் காபி அறுவடையின் பின்பகுதி நடக்கும். விடிந்ததும் தோட்டத்துக்குள் பழம் பறிக்கிறவர்களின் பேச்சுக் குரல் கேட்கும், ஆள் தெரியாது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி உச்சி வரை சுற்றியிருக்கும். நிழலுக்கு அடியில் செடி முழுக்கச் சிவந்த பழம். ஒரு பழத்தைப் பிதுக்கினால் வழவழப்பான இனிப்புச் சதைக்குள் இரண்டு பச்சைக் கொட்டைகள் முகத்தோடு முகம் ஒட்டி இருக்கும். பழத்தோலை உரிக்கும் பல்ப்பர் எந்திரம் ஓடும் எஸ்டேட்டைத் தாண்டும்போது புளித்த பழத்தோலின் வாடை அரை கிலோமீட்டருக்கு முன்பே மூக்கில் ஏறும். களத்தில் காயும் கொட்டையைப் பெண்கள் காலால் கோடு போட்டுக் கிளறிக்கொண்டிருப்பார்கள். ஊட்டியில் இதைப் பார்க்க முடியாது. அது தேயிலை மலை.

பிப்ரவரி நடுவில் காட்டுவழிகள் மூடினாலும் ஊர்வழி நடைக்குத் தடையில்லை. மார்ச், ஏப்ரலில் கோடை மழை ஒன்று விழுந்தால், ஏழெட்டு நாளில் காபிச் செடிகள் மொத்தமும் ஒரே நேரத்தில் பூக்கும். கிளை தெரியாதபடி வெள்ளை. மல்லிகையை ஒத்த மணம். இரண்டு மூன்று நாளில் வதங்கிவிடும். இதைப் பட்டியலில் தேதியாக எழுத முடியாது. மழை விழுந்த செய்தி வந்ததும் கிளம்பத் தயாராக இருப்பவருக்கே கிடைக்கும், அப்படிக் கிளம்ப மலை பக்கத்தில் இருந்தாக வேண்டும். அருகாமை என்பது அலட்சியப்படுத்த ஒரு காரணமாக இல்லாமல் வசதியாக மாறுவது இந்த மாதிரி நாளில்தான்.

மே மாதம் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும். நடையர் ஏரிப் பக்கமே போகாமலிருப்பது நல்லது. ஆனால் அதே மாதத்தில் மலையாளிகள் சேர்வராயன் கோயிலில் திருவிழா எடுக்கிறார்கள். சுற்றியுள்ள மலைக்கிராமங்கள் மேட்டில் கூடுகின்றன. கோயில் என்றால் கோபுரத்தை எதிர்பார்க்கக் கூடாது. குனிந்து நுழைய வேண்டிய ஒரு குகை, உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். குகை காவிரி வரை போகிறது என்பது நம்பிக்கை. ஏரியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர், கடைசிப் பகுதி திறந்த மேடு. காற்று அடிக்கிற அடியில் குடை திரும்பிக்கொள்ளும். காரில் வருகிறவர்கள் பத்து நிமிடத்தில் கும்பிட்டுத் திரும்பிவிடுகிற இந்த மேட்டை விளிம்போரமாகச் சுற்றி நடப்பதற்கு அரைநாள் தேவை.

ஜூன் முதல் நவம்பர் வரை கணக்கு வேறு. கிளியூர் அருவி ஏரியின் உபரிநீரை வாங்கி 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. கோடையில் போனால் பாறைச் சுவர்தான் இருக்கும். பிறகு ‘அருவியே இல்லை’ என்று எழுதுகிறவர்கள் மே மாதத்தில் போனவர்கள். நல்ல மழைக்கு மறுநாள் படியிறங்குவதும் வேண்டாம், வழுக்கல் ஆளைக் கொண்டுபோய்விடும். மழை ஓய்ந்து இரண்டு மூன்று நாள் கழித்துப் போவதே முறை. வடகிழக்குப் பருவத்தில் மலைப்பாதையை நம்பித் திட்டம் போடக் கூடாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. குப்பனூர், கொட்டச்சேடு வழியாக இன்னொரு ரோடு உண்டு. வளைவு குறைவு, கூட்டமும் குறைவு. மழைக்காலத்தில் பனிமூட்டம் பத்தடிக்கு மேல் தெரியவிடாது. அதற்குள் காட்டெருமை நிற்கலாம். கடந்த சில ஆண்டுகளாக இவை தோட்டங்களுக்குள்ளும் ரோட்டிலும் தாராளமாக நடமாடுகின்றன. தூரத்தில் நின்றால் அதுவும் நிற்கும். செல்போனை நீட்டிக்கொண்டு கிட்டே போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது.

இப்படிப் பார்த்தால் சேர்வராயன் மலைக்குப் பட்டியலில் ஒரு வரி போதாது. கொண்டப்பநாயக்கன்பட்டி – குண்டூர் ஏற்றம் டிசம்பரிலோ ஜனவரியிலோ. காபிப் பூவுக்கு ஒரு தேதியில்லாத வரி. சேர்வராயன் மேடு மே மாதத் திருவிழாவையொட்டி. மழை இடைவெளியில் கிளியூர். பகோடா பாயிண்டிலிருந்து காக்கம்பாடிப் பக்கம் வாரநாள் காலையில். ஊரைச் சுற்றி முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடும் லூப் ரோட்டை இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்துக்கொள்ளலாம். தார் ரோடுதான், ஆனால் வாரநாளில் அதில் எஸ்டேட் ஜீப்பைத் தவிர அதிகம் வராது. ஐந்தாறு நாள் செலவில், பெரும்பாலும் பஸ் காசில், ஓர் ஆண்டு நிரம்புகிறது.

இதைப் பயிற்சி நடை என்று சிலர் ஏற்றுக்கொள்வார்கள். பெரிய மலைக்குப் போகுமுன் கால் பழக்க ஏற்காடு நல்லது என்று. அதில் உண்மை இருக்கிறது. 2024 பருவத்தில் வெள்ளியங்கிரி ஏறிய பக்தர்களில் பலர் மூச்சுத்திணறியும் நெஞ்சுவலி வந்தும் இறந்தார்கள். ஆண்டு முழுவதும் நாற்காலியில் இருந்துவிட்டு ஒரே இரவில் ஏழு மலை ஏறுவது எத்தகைய காரியம் என்பதை அந்தச் செய்திகள் சொல்லும். மாதம் ஒருமுறை ஆயிரம் மீட்டர் ஏறி இறங்கிய காலுக்கு அந்த ஆபத்து குறைவு. ஆனாலும் பயிற்சி என்று மட்டும் சொல்லி ஒதுக்குவது ஏழை ஊட்டி என்ற பழைய ஏளனத்தின் நாகரிக வடிவமே. இரண்டு ஆற்றுப் படுகைகள் பிரியும் மேட்டை, தனக்கென்று ஒரு மரத்தையும் பெயரில் ஒரு பல்லியையும் வைத்திருக்கும் மலையை, இன்னொரு மலைக்கு வாசற்படியாகப் பார்க்க வேண்டிய அவசியமில்லை.

வெளியே போகத்தான் வேண்டும் என்றால் அதற்கும் இங்கிருந்தே வழி விரிகிறது. மஞ்சவாடிக் கணவாயைத் தாண்டினால் சித்தேரி மலை, அதற்குக் கிழக்கே கல்வராயன், தெற்கே எழுபது கொண்டை ஊசி வளைவுகளோடு கொல்லிமலை, அப்பால் பச்சைமலை. எல்லாமே மலையாளிகள் வாழும் மலைகள். சேர்வராயனில் ஒரு ஆண்டு நடந்தவர் இரண்டாம் ஆண்டு ஆடி மாதத்தில், வல்வில் ஓரி விழாவையொட்டிக் கொல்லிமலைக்குப் போய், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஆகாய கங்கையைப் பார்க்கலாம். மலைகளின் வரிசை அதே, மக்கள் அதே, பாறையும் பெரும்பாலும் அதே. வேறுபாடுகளை அப்போதுதான் கண் பிடிக்கும். ஃபுட்டின் தடத்தில் போக நினைப்பவருக்கு ‘ட்ரெக் தமிழ்நாடு’ பட்டியலில் திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைகளும் இருக்கின்றன.

கேதார்காந்தாவைப் பட்டியலிலிருந்து அடிக்க வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. ரயில் டிக்கெட்டும் லீவும் கிடைத்தால் போய் வரலாம். அடிக்க வேண்டியது, மாதம் எழுதாத வரிகளையும், தொடங்கும் ஊர் எழுதாத வரிகளையும்தான். காப்புக்காட்டு வழி என்றால் பெயருக்கு எதிரே அனுமதிப் பதிவு திறக்கும் நாள், மலைக்கிராம வழி என்றால் திரும்பும் கடைசி பஸ். இந்த இரண்டு பத்திகளையும் நிரப்ப முடியாத வரி எவ்வளவு உயரமான மலையுடையதாக இருந்தாலும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம்.